உயிரின் எழுத்து – 12: அரைத்துப் பார்த்தவர்கள்

சென்ற இதழில் 1953 ஏப்ரல் 25-இல் நிறுத்தியிருந்தோம். டிஎன்ஏ ஓர் இரட்டைச் சுருள் என்று ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் ‘நேச்சர்’ இதழில் எழுதிவிட்டார்கள். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் ஆகிய நான்கே பொருள்கள், சுருக்கமாக ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள், அந்தச் சுருள் முழுக்க மாறி மாறி வருகின்றன என்பதும் தெரிந்துவிட்டது. ஏடு கையில் கிடைத்துவிட்டது. அதை வாசிக்கத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

உடம்பில் ஓடியாடி வேலை செய்பவை புரதங்கள். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சோற்றைச் செரிக்க வைக்கும் நொதிகள், இரத்தச் சர்க்கரையை அடக்கும் இன்சுலின், தசை, நகம், தலைமயிர் என்று பட்டியல் நீளும். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். இன்சுலின் என்ற சின்னச் சரத்தில் 51 மணிகள் உண்டு. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று ஒன்று விடாமல் கண்டு சொன்னவர் கேம்பிரிட்ஜின் பிரெடெரிக் சாங்கர். மணிகளில் இருபது வகை. எழுத்தோ நான்குதான். நான்கு எழுத்து ஏட்டைப் பார்த்து இருபது வகை மணிகளைப் பிசகாமல் கோக்க செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

விடை ஏறத்தாழ முழுதாகக் கிடைக்க 13 ஆண்டுகள் பிடித்தன. இரண்டு கூட்டத்தார் அதற்காக மல்லுக்கட்டினார்கள். ஒரு கூட்டம் தாளில் எழுதிப் பார்த்தது. மற்றொன்று கல்வத்தில் அரைத்துப் பார்த்தது.

இருபது டைகள்

எழுதிப் பார்த்தவர்களில் முதல்வர் உயிரியல்காரரே அல்லர். ஒடெசாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ். பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்ற கருத்துக்காக வாதாடியவர், பெரிய குறும்புக்காரர். இரட்டைச் சுருள் கட்டுரையைப் படித்த சில மாதங்களிலேயே வாட்சனுக்கும் கிரிக்குக்கும் கடிதம் எழுதினார். இது ஒரு சங்கேத மொழி, போர்க்காலத்தில் எதிரியின் ரகசியத் தந்திகளை உடைத்ததைப் போல இதையும் கணக்குப் போட்டே உடைத்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை.

கணக்கு எளிதாகத்தான் தெரிந்தது. ஓர் எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்றால் நான்குதான் தேறும். இரண்டெழுத்துச் சொற்கள் பதினாறு. இருபதுக்கு நான்கு குறைகிறது. மூன்றெழுத்துச் சொற்கள் 64. தேவைக்கு மும்மடங்குக்கும் மேல். அறுபத்து நான்கிலிருந்து இருபதுக்கு எப்படி இறங்குவது? டிஎன்ஏ சுருளின் பக்கவாட்டில் சாய்சதுரக் குழிகள் இருப்பதாகவும், ஒவ்வொரு குழியிலும் அதற்குப் பொருந்தும் அமினோ அமிலம் நேராக வந்து அமர்வதாகவும் காமோவ் 1954-இல் எழுதினார். குழிகளின் வகையை எண்ணினால் சரியாக இருபது வந்தது. வாட்சனும் கிரிக்கும் மலைத்துப்போனார்கள். ஆனால் அவர் சொன்ன அமினோ அமிலப் பட்டியலில் பிழை இருந்தது. கேம்பிரிட்ஜின் ‘ஈகிள்’ மதுக்கடையில் உட்கார்ந்து இருவரும் அதைத் திருத்தினார்கள். இன்று பாடநூல்களில் உள்ள இருபதின் பட்டியலுக்கு அதுவே மூலம்.

காமோவ் அதோடு விடவில்லை. 1954-இல் ‘ஆர்என்ஏ டை சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார். அமினோ அமிலத்துக்கு ஒருவர் வீதம் இருபது உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும், டிஎன்ஏவின் நெருங்கிய உறவான ஆர்என்ஏவின் இழை தைத்த ஒரு கழுத்து டை, அவரவர் அமினோ அமிலத்தின் சுருக்கப் பெயர் பொறித்த ஓர் ஊசி. காமோவ் அலனைன், கிரிக் டைரோசின், வாட்சன் புரோலின். இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபைன்மன் கிளைசின். ஹைட்ரஜன் குண்டு புகழ் எட்வர்ட் டெல்லர்கூட இருந்தார், லூசினாக. உலகின் கூர்த்த மூளைகள் ஒரே டையில் கட்டுண்டிருந்த காலம் அது.

அந்தச் சங்கத்துக்காக 1955-இல் கிரிக் எழுதிய ஒரு குறிப்பு மட்டும் காலத்தை வென்று நின்றது. டிஎன்ஏவின் எழுத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் நேரடி ஒட்டுறவு வேதியியல்படி சாத்தியமில்லை, இடையில் ஓர் இணைப்பான் இருந்தாக வேண்டும் என்றார். அக்காலச் சென்னையிலும் புதுச்சேரியிலும் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நம்மூர் வணிகருக்கும் நடுவே துபாஷிகள் இருந்தார்கள் அல்லவா? ஒரு காதில் ஒரு மொழி, மறு காதில் வேறு மொழி. அப்படி ஒரு பக்கம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அமினோ அமிலத்தைச் சுமக்கும் மூலக்கூற்றுத் துபாஷி ஒன்று செல்லுக்குள் இருக்கும் என்று, அதைக் கண்ணால் காணாமலே சொன்னார்.

அழகான பிழை

அடுத்து வந்ததுதான் தாள்காரர்களின் உச்சம். நம் ஓலைச்சுவடிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, புள்ளியும் கிடையாது. பதிப்பிப்பவர்தான் சீர் பிரித்துக்கொள்ள வேண்டும். தவறாகப் பிரித்தால் பொருள் கெடும். டிஎன்ஏவிலும் எழுத்துகள் இடைவெளியின்றி ஓடுகின்றன. எங்கே பிரிப்பது என்று செல்லுக்குத் தெரிவது எப்படி?

1957-இல் கிரிக், ஜான் கிரிஃபித், லெஸ்லி ஆர்கெல் மூவரும் ஒரு யோசனை சொன்னார்கள். தவறாகப் பிரித்தால் பொருளே வராதபடி சொற்களைத் தேர்ந்து வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. அதற்கு இரண்டு விதிகள் போதும். முதலாவது, ஒரே எழுத்து மூன்று முறை வரும் சொல் கூடாது. வரிசையாக வந்தால் எங்கே ஆரம்பம் என்று தெரியாது. நான்கு சொற்கள் போயின, மிச்சம் அறுபது. இரண்டாவது, சுழற்றினால் ஒன்று மற்றொன்றாகும் மூன்று சொற்களில் ஒன்றுக்கு மட்டுமே பொருள் உண்டு. அறுபதை மூன்றால் வகுத்தால் இருபது!

எவ்வளவு கச்சிதம்! இயற்கை இதைவிட அழகாக யோசித்திருக்க முடியுமா என்று பலரும் நம்பினார்கள். சோதனைச் சான்று ஒன்றுகூட இல்லை என்று கிரிக் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த ‘இருபது’ கண்ணைக் கட்டியது. வாசகர்கள் முதல் விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே எழுத்து மூன்று முறை வந்தால் அதற்குப் பொருள் கிடையாது.

எலியின் கல்லீரல்

இந்தப் பரபரப்பு எதுவும் எட்டாத இடத்தில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பால் சமெக்னிக் என்ற மருத்துவர் எலியின் கல்லீரலை அரைத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சங்கேதக் கணக்கில் நாட்டமில்லை. செல்லை உடைத்து எடுத்த சாற்றில், உயிரே இல்லாத குழாயில், புரதம் உருவாகுமா என்பதே அவர் கேள்வி. கதிரியக்க கார்பன் ஏற்றிய அமினோ அமிலத்தைச் சாற்றில் விட்டு, அது புரதத்தில் போய்ச் சேர்கிறதா என்று கதிரியக்கத்தை எண்ணிப் பார்த்தார். சேர்ந்தது.

அந்தக் கல்லீரல் சாற்றிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக உண்மைகள் வெளிவந்தன. அமினோ அமிலம் சும்மா போய் ஒட்டுவதில்லை; செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து அதை முடுக்கிவிட வேண்டும். கோக்கும் வேலை நடப்பது, பின்னர் ரைபோசோம் என்று பெயர் பெற்ற நுண்துகள்களில். பிறகு சமெக்னிக்கும் அவருடன் வேலை செய்த மாலன் ஹோக்லண்டும் மூன்றாவதொன்றைக் கண்டார்கள். அமினோ அமிலம் ரைபோசோமுக்குப் போகும் முன் ஒரு சின்ன ஆர்என்ஏ மூலக்கூறின் வாலில் ஏறிக்கொள்கிறது. அதைப் பற்றி வாட்சனிடம் பேசியபோதுதான், இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று கிரிக் முன்பே எழுதியிருப்பது ஹோக்லண்டுக்குத் தெரியவந்தது. துபாஷி அகப்பட்டுவிட்டார். இன்று அதற்குக் கடத்தி ஆர்என்ஏ என்று பெயர்.

இன்னொரு கேள்வி மிஞ்சியது. மூலச் சுவடியான டிஎன்ஏ செல்லின் உட்கருவில் இருக்கிறது. சரம் கோக்கும் பட்டறை வெளியே இருக்கிறது. சுவடி உட்கருவை விட்டு நகர்வதே இல்லை. அப்படியானால் செய்தி எப்படிப் போகிறது? ரைபோசோமிலேயே ஆர்என்ஏ இருக்கிறதே, அதுவே செய்தியாக இருக்கலாம் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஒரு ரைபோசோம், ஒரு புரதம். அங்கேதான் இடித்தது. புரதங்கள் ஆயிரம் அளவுகளில் இருக்கின்றன. ரைபோசோமின் ஆர்என்ஏ மட்டும் எங்கு பார்த்தாலும் ஒரே அளவில் இருக்கிறது.

புனித வெள்ளி, 1960

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜக்கோபும் ழாக் மோனோவும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆர்தர் பார்டியும் இன்னொரு இடைஞ்சலைக் கண்டிருந்தார்கள். பால் சர்க்கரையை உடைக்கும் நொதிக்கான மரபணு இல்லாத பாக்டீரியாவுக்குள் அந்த மரபணு நுழைந்தால், சில நிமிடங்களில் நொதி முழுவேகத்தில் உற்பத்தியாகிறது. புதிதாக ரைபோசோம்கள் கட்ட அத்தனை குறுகிய நேரம் போதாதே!

1960 ஏப்ரல் 15, புனித வெள்ளி. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சிட்னி பிரென்னரின் அறை. பிரென்னர் தென்னாப்பிரிக்காவின் சிறு நகரிலிருந்து வந்தவர், நாவும் மூளையும் ஒருசேரக் கூர்மையானவர். கிரிக் இருந்தார். பாரிஸ் சோதனையை ஜக்கோப் விவரித்துக்கொண்டிருந்தார். நடுவில் பிரென்னர் ஓவென்று கத்திவிட்டார். கிரிக்குக்கும் அதே கணத்தில் பொறி தட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் ஓக்ரிட்ஜில் எலியட் வோல்கினும் லாசரஸ் அஸ்ட்ராகனும், வைரஸ் தாக்கிய பாக்டீரியாவில் ஒரு விசித்திர ஆர்என்ஏவைக் கண்டிருந்தார்கள். அதன் எழுத்து விகிதம் வைரஸின் டிஎன்ஏவை ஒத்திருந்தது. தோன்றிய வேகத்தில் அழிந்தும் போனது. அது என்னவென்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. அதுவே செய்தி! ரைபோசோம் வெறும் அச்சுப்பொறிதான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் அடித்துத் தரும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பதிவேட்டை யாரும் வெளியே எடுத்துப் போக முடியாது. வேண்டிய பத்திரத்துக்கு நகல் வாங்கிக்கொண்டு போகலாம். வேலை முடிந்தால் நகலைக் கிழித்துப் போடலாம். செல்லிலும் அதே நடைமுறைதான். அந்த நகலுக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர் வைத்தவர்கள் ஜக்கோபும் மோனோவும். நகலில் ஒரே ஓர் எழுத்து மாறும்: தைமினுக்குப் பதில் யுராசில், அதாவது டி வரும் இடத்தில் யு.

பேச்சு போதாது, நிரூபிக்க வேண்டும். அந்த ஜூனில் பிரென்னரும் ஜக்கோபும் கலிபோர்னியாவுக்கு, கால்டெக்கில் மாத்யூ மெசல்சனின் ஆய்வகத்துக்குப் போனார்கள். கனமான ஐசோடோப்புகளில் வளர்த்த பாக்டீரியாவை வைரஸால் தாக்கச் செய்து, இலேசான உணவுக்கு மாற்றி, புதிய ஆர்என்ஏ பழைய கன ரைபோசோமில் போய் உட்காருகிறதா என்று பார்ப்பது திட்டம். பிரித்தெடுக்க சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ரைபோசோம்கள் சிதைந்துபோயின. ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. நொந்துபோய்க் கடற்கரையில் கிடந்தபோது பிரென்னர் திடீரெனத் துள்ளி எழுந்தார்: மக்னீசியம்! ரைபோசோமைக் கட்டிக் காப்பது மக்னீசியம். சீசியம் வந்து அதைத் தள்ளிவிடுகிறது. ஓடிப்போய் மக்னீசியத்தைப் பன்மடங்கு கூட்டி ஊற்றினார்கள். பழைய ரைபோசோமில் புதிய செய்தி உட்கார்ந்திருந்தது. 1961 மே 13 ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது.

குழாய் எண் 27-க்யூ

அதே மே மாதம். வாஷிங்டனை ஒட்டிய பெத்தெஸ்டாவில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம். அங்கே மார்ஷல் நிரன்பர்க் என்ற 34 வயது உயிர்வேதியியலாளர். டை சங்கத்தில் அவர் இல்லை. அந்த வட்டத்தில் பெரும்பாலோர் அவர் பெயரையே கேள்விப்பட்டதில்லை. ஜெர்மனியிலிருந்து 1960 கடைசியில் வந்து சேர்ந்த ஹைன்ரிஷ் மத்தேயி அவருக்குத் துணை. தாவர உடலியல் படித்தவர்; கையில் கச்சிதம், வேலையில் பிடிவாதம்.

இருவரும் ஈ.கோலை பாக்டீரியாவைக் கழுவி, அலுமினாப் பொடியோடு கல்வத்தில் இட்டு, குளிர் குறையாமல் அரைத்தார்கள். சித்த வைத்தியர் பார்த்தால் தன் தொழில் என்றே நினைத்திருப்பார். அரைத்ததைச் சுழற்றித் தெளியவைத்தால் ரைபோசோம்களும் கடத்தி ஆர்என்ஏக்களும் நொதிகளும் நிறைந்த சாறு கிடைக்கும். அதைக் கெடாமல் உறையவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் பக்குவத்தையும் கண்டார்கள். இந்தப் பக்குவம் இல்லாவிட்டால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியை விட்டால் சாற்றில் புரத உற்பத்தி சிறிது நேரத்தில் நின்றது. மூலம் அழிந்துவிட்டது, மிஞ்சிய நகல்களும் தீர்ந்துவிட்டன. காலி அச்சுப்பொறி ஆயத்தமாக நிற்கிறது. இனி நாம் கொடுக்கும் தாளைத்தான் அது அடிக்க வேண்டும்.

என்ன தாள் கொடுப்பது? ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் செயற்கை ஆர்என்ஏவை மரியான் குருன்பர்க்-மனாகோவும் செவெரோ ஓச்சோவாவும் 1955-இல் கண்ட நொதியைக் கொண்டு செய்ய முடியும். யு யு யு யு என்று முடிவின்றிப் போகும் இழை அது. கேம்பிரிட்ஜின் அழகான விதிப்படி அதற்குப் பொருளே கிடையாது.

அந்த வாரம் நிரன்பர்க் வேறொரு சோதனைக்காக கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போயிருந்தார். மத்தேயி தனியாக இரவு பகல் பாராமல் குழாய்களோடு இருந்தார். இருபது அமினோ அமிலங்களில் ஒன்றுக்கு மட்டும் கதிரியக்கம் ஏற்றி, மற்றப் பத்தொன்பதைச் சாதாரணமாக விட வேண்டும். அடுத்த குழாயில் அடுத்ததற்கு. எந்தக் குழாயில் கதிரியக்கப் புரதம் திரள்கிறதோ, அந்த அமினோ அமிலமே யு-வின் பொருள். 1961 மே 27, சனிக்கிழமை, அதிகாலை 3 மணிக்கு 27-க்யூ என்று எண்ணிட்ட சோதனையைத் தொடங்கினார். விடிந்தபோது விடை இருந்தது. இழை சேர்க்காத குழாயில் கதிரியக்க எண்ணிக்கை 70. ஃபினைல்அலனைன் இருந்த குழாயில் 38,000.

யு யு யு என்றால் ஃபினைல்அலனைன். உயிரின் மொழியில் மனிதன் வாசித்த முதல் சொல் அது. அர்த்தமில்லை என்று கழித்துக்கட்டிய நான்கு சொற்களில் ஒன்று.

உண்டானது ஃபினைல்அலனைன் மட்டுமே கோத்த சரம்தானா என்று உறுதிசெய்ய அதைக் கரைத்தாக வேண்டும். எதிலும் கரைய மறுக்கும் பொருள் அது. தற்செயலாக அதே நிறுவனத்துக்கு இஸ்ரேலிலிருந்து வந்திருந்த மைக்கேல் சேலாவுக்கு அதைக் கரைக்கும் ஒரே திரவம் தெரிந்திருந்தது: ஹைட்ரஜன் புரோமைடு ஏற்றிய அசிட்டிக் அமிலம். அவருக்கும் அது ஆய்வகத் தவறு ஒன்றால் தெரியவந்ததுதான். இன்னோர் அதிர்ஷ்டம் பின்னாளில்தான் விளங்கியது. செய்தியின் தலையில் தொடக்கச் சொல் இல்லாவிட்டால் ரைபோசோம் படிக்கவே தொடங்காது. யு இழையில் அப்படி எதுவும் இல்லை. குழாயில் மக்னீசியம் சற்றுத் தூக்கலாக விழுந்திருந்ததால்தான் ரைபோசோம் கண்ட இடத்திலிருந்து படித்தது. மறுபடியும் மக்னீசியம்!

மாஸ்கோவில் ஒரு சிறு அறை

1961 ஆகஸ்ட், பெர்லினில் சுவர் எழும்பிய அதே மாதம், மாஸ்கோவில் ஐந்தாம் சர்வதேச உயிர்வேதியியல் மாநாடு கூடியது. அறிமுகமில்லாதவர் என்பதால் நிரன்பர்க்குக்கு ஒரு சிறு அறையும் சில நிமிடங்களும் ஒதுக்கினார்கள். கேட்க வந்தவர் சுமார் 35 பேர். அதில் ஒருவர் மெசல்சன். பேச்சு முடிந்ததும் நிரன்பர்க்கைக் கட்டிக்கொண்டார். நேராகப் போய்க் கிரிக்கிடம் சொன்னார். கிரிக்கின் அழகான கோட்பாட்டைச் சாய்த்த செய்தி அது. கிரிக் அதை மறைக்கவில்லை, மழுப்பவுமில்லை. பெரிய அரங்கில், தாம் தலைமை ஏற்ற அமர்வில், நிரன்பர்க் அதே உரையை மறுபடி நிகழ்த்த ஏற்பாடு செய்தார். அறிவியலில் பெருந்தன்மை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மாஸ்கோ பிற்பகல்தான்.

கிரிக்கும் அந்த ஆண்டு தாமே கையில் குழாயை எடுத்தார். சொல்லுக்கு உண்மையில் மூன்றெழுத்துதானா? பிரென்னர், லெஸ்லி பார்னெட், ரிச்சர்ட் வாட்ஸ்-டோபின் ஆகியோரோடு சேர்ந்து பாக்டீரியா வைரஸின் ஒரு மரபணுவில் எழுத்துகளைச் செருகியும் நீக்கியும் பார்த்தார். அவர்கள் செய்ததைத் தமிழில் செய்து பார்க்கலாம். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்களாக ஒரு வாக்கியம்:

இந்த மரம் தினம் நல்ல பழம் தரும்.

முதல் சொல்லுக்குப் பின் ஒரு ‘க’ செருகிவிட்டு, மூன்று மூன்றாகவே படியுங்கள்:

இந்த கமர ம்தின ம்நல் லபழ ம்தரு ம்.

எல்லாம் பாழ். இரண்டு ‘க’ செருகினாலும் பாழ்தான். முதல் மூன்று சொற்களுக்குப் பின்னும் ஒவ்வொன்றாக மூன்று ‘க’ செருகினால்?

இந்த கமர ம்கதி னம்க நல்ல பழம் தரும்.

நடுவில் கொஞ்சம் உளறினாலும் வாக்கியம் தன் தடத்துக்குத் திரும்பிவிட்டது. வைரஸிலும் அதுவே நடந்தது. ஒரு செருகலில் மரபணு செத்தது, இரண்டிலும் செத்தது, மூன்றாவதில் உயிர் பெற்றது. சொல்லுக்கு மூன்றெழுத்து; ஒரு நிலைத்த இடத்தில் தொடங்கி மூன்று மூன்றாகப் படித்துக்கொண்டே போவதுதான் செல்லின் வழக்கம். இடைவெளியும் வேண்டாம், புத்திசாலி விதிகளும் வேண்டாம். 1961 டிசம்பர் 30-இல் இது அச்சேறியது.

அறுபத்து நான்கு கட்டங்கள்

மிச்சம் 63 சொற்கள். நியூயார்க்கில், அதற்குள் நோபல் பரிசு பெற்றுவிட்ட ஓச்சோவாவின் பெரிய ஆய்வகமும் களத்தில் குதித்தது. பெத்தெஸ்டாவில் நிரன்பர்க்கின் சக ஊழியர்கள் தம் வேலைகளை ஒத்திவைத்து அவருக்குக் கைகொடுத்தார்கள். 1964-இல் நிரன்பர்க்கும் பிலிப் லீடரும் குறுக்குவழி ஒன்றைக் கண்டார்கள். நீண்ட இழையே வேண்டாம். மூன்றெழுத்துத் துண்டு ஒன்று போதும். ரைபோசோம் அதைப் பிடித்துக்கொண்டால், அதற்குரிய துபாஷி அமினோ அமிலத்தோடு வந்து ஒட்டிக்கொள்வார். வடிதாளில் ஊற்றினால் ரைபோசோம் மேலே தங்கும், ஒட்டாதவை கீழே ஓடிவிடும். தங்கியது எது என்று பார்த்தால் சொல்லின் பொருள் தெரியும்.

விஸ்கான்சினில் ஹர் கோவிந்த் குரானா இன்னும் உறுதியான பாதையில் வந்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள முல்தான் பகுதியின் ராய்ப்பூர் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். தந்தை கிராமக் கணக்கர். நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அது ஒன்றுதான். முதல் வகுப்புகள் மரத்தடியில். லாகூரிலும் லிவர்பூலிலும் படித்து, 1949-இல் தாயகம் திரும்பியபோது இங்கே அவருக்கு வேலை கிடைக்கவில்லை, மறுபடி கப்பலேறினார். எழுத்து வரிசை தனக்குத் துல்லியமாகத் தெரிந்த இழைகளை அவர் வேதியியல் முறையில் கட்டினார். யுசியுசியுசி என்ற இழையைக் கொடுத்தால் செரினும் லூசினும் மாறி மாறி வந்தன. யுசியு, சியுசி என்ற இரண்டு சொற்கள்தானே அதில் மாறி மாறி வர முடியும்! நிரன்பர்க்கின் வடிதாள் சொன்னதையும் குரானாவின் இழை சொன்னதையும் ஒத்துப்பார்த்துக் கட்டங்கள் நிரம்பின.

கார்னெலில் ராபர்ட் ஹாலி துபாஷியையே எழுத்தெழுத்தாகப் படித்தார். 140 கிலோ ரொட்டி ஈஸ்ட்டிலிருந்து பிரித்துப் பிரித்து அவர் எடுத்த அலனைன் கடத்தி ஆர்என்ஏ ஒரு கிராம். 1965-இல் அதன் 77 எழுத்துகளின் வரிசையை வெளியிட்டார்.

1966-க்குள் பட்டியல் ஏறத்தாழ நிறைவடைந்தது. 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறித்தன. ஓர் அமினோ அமிலத்துக்குப் பல சொற்கள், லூசினுக்கு ஆறு. ஏயுஜி என்ற சொல் மெத்தியோனினையும் குறிக்கும், தொடக்கத்தையும் அறிவிக்கும். யுஏஜி, யுஏஏ, யுஜிஏ மூன்றும் முற்றுப்புள்ளிகள். முதலாவதற்கு ‘ஆம்பர்’ என்று செல்லப்பெயர். அப்பெயருக்குக் காரணமான சோதனைக்குத் துணைநின்ற மாணவர் பெர்ன்ஸ்டைனின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் ஆம்பர் என்னும் மரப்பிசின் கல் என்று பொருள். கடைசியாகப் பிடிபட்டது யுஜிஏ, 1967-இல்.

ஆக, இப்போது நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் செல்களில் நடப்பது இதுதான். டிஎன்ஏவின் ஒரு பகுதி சற்றே பிரிகிறது. ஒரு நொதி அதன்மேல் ஊர்ந்து தூது ஆர்என்ஏவாக நகல் எடுக்கிறது. நகல் உட்கருவை விட்டு வெளியேறி ரைபோசோமில் நுழைகிறது. ஏயுஜி என்ற இடத்தில் வாசிப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு கடத்தி ஆர்என்ஏ தன் சுமையோடு வந்து நிற்கிறது. சுமை சரத்தில் சேர்கிறது. வந்தவர் வெறுங்கையோடு போய்விடுகிறார். முற்றுப்புள்ளி வந்தால் சரம் கழன்று, மடிந்து, புரதமாகிறது. பாக்டீரியாவில் நொடிக்கு 15 முதல் 20 மணிகள்வரை கோக்கும் வேகம்.

ஓர் எழுத்து பிசகினால்? அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபின் சரமொன்றின் ஆறாம் மணி மாறியிருப்பதை கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ராம் 1950-களிலேயே கண்டிருந்தார். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். ஏன் என்பது இந்தப் பட்டியல் வந்தபின்தான் தெரிந்தது. ஜிஏஜி என்பது ஜியுஜி ஆகிவிட்டது. நடு எழுத்து ஒன்று, அவ்வளவுதான். ஈ.கோலைக்கும் மனிதனுக்கும் இந்தப் பட்டியல் ஒன்றே என்பதால்தான் 1978-இல் மனித இன்சுலினைப் பாக்டீரியாவிடம் கொடுத்து எழுதி வாங்க முடிந்தது. மைட்டோகாண்ட்ரியா போன்ற சில மூலைகளில் மட்டும் சிறு வட்டார வழக்குகள் உண்டு.

டை கட்டியவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. நகலும் துபாஷியும் இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தாம். கேள்வியைச் செதுக்கியது தாள். விடையைச் சொன்னது கல்வம். இயற்கை எப்படி இருந்தால் அழகு என்று நாம் யோசிக்கலாம். எப்படி இருக்கிறது என்பதை அரைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1968 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் நிரன்பர்க், குரானா, ஹாலி மூவரும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த அதிகாலை 3 மணிக்குக் குழாயைக் கையில் பிடித்திருந்த மத்தேயியின் பெயர் பட்டியலில் இல்லை.

(அடுத்த இதழில்: ரைபோசோம் பார்க்க எப்படி இருக்கும்? சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அதன் அணு அமைப்பைக் கண்டு 2009-இல் நோபல் பெற்ற கதை.)